மலைக்குப் போன வேப்பங்குழை

சிலமலைப் பக்கம் எங்கள் கண்மாய்க்கு நான் பதினோரு வருடம் நீர்பாய்ச்சியாக இருந்தேன். கண்மாய் மடையைத் திறப்பது, அடைப்பது, எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை பார்த்துத் திருப்பி விடுவது, இவைதான் வேலை. வயல்காரர் யாரும் தன் வயலுக்குத் தானே தண்ணீர் திருப்பக் கூடாது. அதற்காகத்தான் ஊர் பொதுவில் ஓர் ஆளை வைத்தது. அந்த ஆளுக்கு அந்தக் கண்மாய்ப் பாசனத்தில் ஒரு துண்டு நிலம்கூட இருக்கக் கூடாது என்பது கட்டு. மண் இருந்தால் கை தன் பக்கம் போகும் என்று முன்னால் இருந்தவர்கள் நினைத்திருக்கிறார்கள். எனக்கு எங்கேயும் மண் இல்லை. அதனால் பொருத்தமான ஆளாகிப் போனேன். அறுப்பு முடிந்ததும் ஒவ்வொரு களத்திலும் எனக்கு ஒரு கட்டுக் கதிர் கொடுப்பார்கள்.

இன்னொரு பொருத்தமும் இருந்தது. எனக்குப் பேச்சு வராது. திக்குவாய் இல்லை. நாலு பேர் என்னைப் பார்த்தால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் கேட்டதற்கு விடை தெரிந்தும் எழுந்து நிற்க வெட்கப்பட்டு அடி வாங்கினேன். அந்த வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. நீர்பாய்ச்சி வேலையில் பேச வேண்டியதே இல்லை. எனக்குப் பதிலாகக் குழை பேசும்.

மடைக்கு அருகில் கரைமேல் ஒரு வேம்பு நின்றது. ஒரு வயலுக்குத் தண்ணீர் திருப்பியதும் அந்த மரத்தில் இலையோடு ஒரு குழை ஒடித்து, மற்ற வயல்களுக்குத் தண்ணீர் பிரியும் வாய்களை அடைத்த மண்ணில் செருகி வைப்பேன். குழை நிற்கிறது என்றால் அந்தத் தண்ணீர் ஒருவருக்குக் கொடுத்தாகிவிட்டது என்று பொருள். செருகியவன்தான் பிடுங்க வேண்டும். வேறு யாராவது தொட்டால் ஊர்க்கூட்டத்தில் கைகட்டி நிற்க வேண்டும். காலால் ஒரு தள்ளு தள்ளினால் உடைந்துபோகிற மண்தான் அது. ஆனாலும் பெரிய சண்டைக்காரர்கள்கூடக் குழையைக் கண்டு ஒதுங்கியதை நான் பார்த்திருக்கிறேன். ஒருமுறை ஒருவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, "இந்த எழவெடுத்த எலைக்குப் பயந்து எம் பயிரு காயணுமாக்கும்?" என்று கத்தினார். கத்தி முடித்ததும் வரப்பில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார். தொடவில்லை. நான் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் ராஜா மாதிரி இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது வாய் கசக்கிறது.

தண்ணீர் எங்களுக்கு மலையிலிருந்து வந்தது. போடிமெட்டுச் சரிவிலிருந்து இறங்குகிற ஓடை ஒன்று கண்மாயில் சேரும். எழுபதுகளின் நடுவில் நான் வேலைக்கு வந்தபோது, மழை நின்று இரண்டு மாதம் ஆனாலும் அந்த ஓடையில் கணுக்கால் அளவு ஓடும். காட்டில் மட்கிய இலையில் ஊறி வருவதால் கருப்பட்டித் தண்ணீர் நிறத்தில் இருக்கும். பிறகு நிறம் மாறியது. மேலே ஏலத்தோட்டங்கள் கூடின. ஏலச்செடிக்கு நிழல் வேண்டும், ஆகவே மரத்தில் கை வைக்க மாட்டார்கள் என்று போடியில் சொல்வார்கள். உண்மைதான், நிழலுக்குத் தேவையான மரத்தை மட்டும் விட்டார்கள். அடியில் இருந்த புதரையும் கொடியையும் மொட்டையாக வழித்தார்கள். மிச்ச மரங்கள் காய் உலர்த்தும் ஸ்டோருக்கு விறகாகப் போயின. அதன்பின் மழை பெய்தால் ஓடை செக்கச் சிவப்பாகப் பாய்ந்து வரும், நாலே நாளில் நின்றுவிடும். வந்த மண் கண்மாயில் படியும். முன்பெல்லாம் கோடையில் வண்டி கட்டி அந்த வண்டலை அள்ளி வயலுக்குப் போடுவார்கள். கடையில் மூட்டை உரம் கிடைக்க ஆரம்பித்ததும் அதை அள்ள யாரும் வரவில்லை. வருடா வருடம் கண்மாய் ஆழம் குறைந்து தட்டாகிக்கொண்டே வந்தது. தினமும் அதன் கரையில் உட்கார்ந்திருந்தவன் நான். எல்லாம் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை.

மடையை ஒட்டிய முதல் வயல்கள் எல்லாம் ஒருவருடையவை. அவரைத் தலைமடைக்காரர் என்றே எழுதுகிறேன். மலைச் சரிவில் அவருக்கு ஏல எஸ்டேட்டும் இருந்தது. கீழே நெல், மேலே ஏலம் என்று இருப்பது எங்கள் பக்கம் அதிசயமில்லை. சிரித்துச் சிரித்துப் பேசுகிற மனிதர். ஒருநாளும் என் குழையைத் தொட்டதில்லை.

எழுபதுகளின் கடைசியில் என் மனைவியின் தம்பி, வாய்க்கால் முடிகிற இடத்தில், கடைமடையில், முக்கால் ஏக்கர் வாரத்துக்குப் பிடித்தான். விளைந்ததில் பாதி நிலத்துக்காரருக்கு. அவனுக்கு அப்போதுதான் பெண் குழந்தை பிறந்திருந்தது. கூலி வேலையை விட்டுச் சொந்தமாக ஒரு பயிரைப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு வெறி. நடவு முடிந்த அன்று டீக்கடையில் எல்லோர் முன்னாலும், "மடை எங்க மச்சான் கையில இருக்கு. எனக்கென்ன பயம்?" என்று சொல்லிவிட்டான். விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்கு அது முள்ளாகத் தைத்தது. அன்று முதல் அவன் முறை வரும்போதெல்லாம் கொஞ்சம் முன்னதாகவே அடைத்துவிடுவேன். சொந்தம் பார்த்துக் கூட விட்டான் என்று ஒரு வாய் சொல்லிவிடக் கூடாது என்று அவனுக்குச் சேர வேண்டியதையே குறைத்தேன். அவன் கேட்டதில்லை. என் மனைவிதான் ஒருநாள் சோறு போடும்போது கேட்டாள்.

"எந் தம்பி வயலுக்கு மட்டும் தண்ணி ஏங்க பாதியில திரும்புது?"

நான் குழம்பு ஊற்றச் சொன்னேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருடம் ஐப்பசி மழை ஏமாற்றியது. மார்கழி பிறக்கும் முன்பே கண்மாய்க்குள் நட்டிருந்த கல் வெளியே தெரிந்தது. அது முழங்கால் உயரக் கல். தண்ணீருக்குள் மறைந்திருக்கும்வரை தலைமடையிலிருந்து வரிசையாகப் பாயும். கல் தலை நீட்டினால் முறை தலைகீழாகும். "கல்லு தெரிஞ்சா கடைமடை" என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. பஞ்ச காலத்தில் கடைசி வயலுக்குத்தான் முதல் தண்ணீர். மேலே இருப்பவனுக்கு வாய்க்கால் கசிவிலேயே ஈரம் கிடைக்கும், கீழே இருப்பவனுக்கு ஒன்றும் கிடைக்காது என்பதால் அப்படி வைத்திருந்தார்கள்.

மச்சினன் பயிர் அப்போது பால் பிடிக்கிற சமயம். இன்னும் மூன்று தண்ணீர் வேண்டும். முதல் தண்ணீரை அவனுக்குத் திருப்பினேன். தலைமடைக்காரர் கரைமேல் வந்து நின்றார். அவரோடு நாலைந்து வயல்காரர்கள்.

"என்னப்பா, வாய்க்காலு நேராக் கடைசிக்குப் போகுது? மச்சினனுக்குக் கறிவிருந்தா?"

எல்லோரும் சிரித்தார்கள். கல் தெரிகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். குரல் என் காதுக்கே கேட்கவில்லை. வயதான வயல்காரர் ஒருவர்தான் எனக்காகப் பேசினார்.

"கல்லு தெரிஞ்சா கடைமடை. அதுல என்னய்யா கேலி?"

"நான் கேலிதான பேசுனேன் அண்ணே. மொறைய நான் என்னைக்குத் தடுத்திருக்கேன்?"

அந்த ஒரு தண்ணீர் பாய்ந்தது. அதோடு கண்மாயில் சேறுதான் மிச்சம். இன்னும் இரண்டு தண்ணீருக்கு ஓடையை நம்ப வேண்டும். ஓடையோ ஒரு வாரமாக வரவில்லை.

"மழை கம்மிதான். அதுக்காக இம்புட்டு வெரசாவா நிக்கும்?" என்றார் வயதானவர். "தண்ணி பாச்சுறவன் மேல போய்ப் பார்த்துட்டு வரட்டும்."

அதற்கும் கட்டு இருந்தது. ஓடையில் மரம் விழுந்தாலும் பாறை சரிந்தாலும் போய் நீக்குவது நீர்பாய்ச்சி வேலை. மண்வெட்டியோடு ஓடையில் ஏறிப் போகிறவனை எந்தக் காட்டுக்காரரும் மறிக்கக் கூடாது. தலைமடைக்காரர் தலையை ஆட்டினார். "போகட்டும். நாளான்னைக்குப் போகட்டும். நாளைக்கு எங் களத்துல இவனுக்கு ஒரு சோலி இருக்கு." ஏன் ஒருநாள் தள்ளிப் போட்டார் என்று யாரும் யோசிக்கவில்லை. நானும்தான்.

புறப்பட்ட அன்று காலையில் மச்சினன் மண்வெட்டியோடு வாசலில் நின்றான்.

"நானும் வர்றேன் மச்சான். ரெண்டு ஆளுன்னா பாறைகூடப் பொரட்டலாம்."

"வேணாம் மாப்ளே. சொந்தக்காரனக் கூட்டிட்டுப் போனான்னு பேசுவாக."

"பேசுனா பேசட்டுமே."

"வேணாம்."

என் வாழ்க்கையில் நான் உறுதியாகச் சொன்ன சொற்கள் கொஞ்சம். அவற்றில் ஒன்றை அங்கே செலவழித்தேன்.

தோட்டத்து ஆட்கள் ஏறுகிற ஒற்றையடிப் பாதையில் போய், பிறகு ஓடைக்குள் இறங்கிப் பாறை பாறையாக ஏறினேன். பாறைகளில் பாசி காய்ந்து தோல் மாதிரி உரிந்துகொண்டிருந்தது. குழிகளில் இருந்த கொஞ்சம் தண்ணீரில் மீன்குஞ்சுகள் செத்து மிதந்தன. உச்சிப்பொழுதில் இஞ்சின் சத்தம் கேட்டது. இன்னும் ஒரு திருப்பம் ஏறியதும் கண்ணால் பார்த்தேன். சாக்குகளில் மண்ணை நிரப்பி ஓடையின் குறுக்கே அடுக்கியிருந்தார்கள். எட்டோ ஒன்பதோ சாக்குதான். அதற்கு அந்தப் பக்கம் இடுப்பளவு தண்ணீர் தெளிவாகத் தேங்கி நின்றது. தண்ணீருக்குள் கிடந்த கறுப்புக் குழாய் சரிவில் ஏறி ஏலத்தோட்டத்துக்குள் போனது. புதிதாக நட்ட கன்றுகளுக்குப் பாய்ச்சுகிறார்கள். யார் தோட்டம் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஆள் ஒருவரும் இல்லை. கையில் மண்வெட்டி இருந்தது. நடுச்சாக்கை இழுத்து, பக்கத்தில் இன்னொன்றைக் கிழித்தால் போதும். பொழுது சாயும் முன் தண்ணீர் அடிவாரம் தொட்டிருக்கும். மறுநாள் கண்மாய். அதற்கு மறுநாள் கடைமடை.

நடுச்சாக்கின் மேல் ஒரு வேப்பங்குழை செருகியிருந்தது.

நான் கையால் செருகுவது போலவே, காம்பு சாய்ந்து, இலை தண்ணீர்ப் பக்கம் பார்த்து நின்றது. இலை வாடக்கூட இல்லை. மண்வெட்டியைக் கீழே வைத்தேன். இந்தத் தண்ணீர் யாருக்கோ கொடுத்தாகிவிட்டது என்றது குழை. செருகியவன்தான் பிடுங்க வேண்டும். அத்தனை வருடம் அடுத்தவர்களை அந்த இலைக்கு அடங்கவைத்த என் கை அதன் பக்கம் நீளவே மாட்டேன் என்றது. எங்கள் ஊர்க்காரனைத் தவிர வேறு எவன் வந்திருந்தாலும் ஒரு உதையில் தள்ளிவிட்டுப் போயிருப்பான். நான் மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

பாதி தூரம் இறங்கியதும், தூக்குச்சட்டியோடு தோட்டத்துக்கு ஏறிப் போகிற பெண்கள் மூன்று பேர் பாதையோரம் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தலையைக் குனிந்து தாண்டப் பார்த்தேன்.

"என்னண்ணே, மேல இருந்தா வர்றீக? எஸ்டேட்டுல யாருக்கு அம்மை போட்டுருக்கு?"

எனக்குப் புரியவில்லை.

"நேத்து கங்காணி ஒரு கட்டு வேப்பங்குழை சுமந்துக்கிட்டு ஏறுனாரே. மலையிலதான் வேம்பு கெடையாதே. அம்மைக்குத்தான் கொண்டு போறாராக்கும்னு நாங்க பேசிக்கிட்டோம்."

"ஆத்தா யாரு மேல எறங்கியிருக்காளோ," என்று இன்னொருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த உயரத்தில் வேம்பு முளைக்காது. கீழேயிருந்து ஒருவன் வேலை மெனக்கெட்டுச் சுமந்து வந்து, எனக்கென்றே செருகியிருக்கிறான். அது முறை இல்லை, குழையே இல்லை, வெறும் இலை. திரும்பி ஏறியிருந்தால் வெயில் தாழ்வதற்குள் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

ஏன் ஏறவில்லை என்பதற்கான காரணத்தை இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை. இறங்கி வந்தவன் திரும்பி ஏறினால் அந்தப் பெண்கள், "என்னண்ணே, திரும்புறீக?" என்று கேட்பார்கள். அதற்கு நான் ஏதாவது பதில் சொல்ல வேண்டும். மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்கப் பதில் சொல்ல வெட்கப்பட்டு நான் கீழே இறங்கினேன். ஒரு குடும்பத்தின் பயிர் அப்படித்தான் போனது.

கரையில் எல்லோரும் காத்திருந்தார்கள். மச்சினன் முன்னால் நின்றான்.

"என்ன மச்சான், அடைப்பு எதுவும் இருந்துச்சா?"

இலையைப் பார்த்துப் பயந்து வந்தேன் என்று எப்படிச் சொல்வது? ஊரே சிரிக்கும். "ஒண்ணுமில்ல. ஓடை தானா வத்திப் போச்சு," என்றேன். இது மட்டும் எல்லோருக்கும் கேட்கிறாற்போல் தெளிவாக வந்தது.

தலைமடைக்காரர் என்னையே பார்த்தார். நான் பொய் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும். அது அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். அவர் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "வானம் பார்த்து வஞ்சகம் பண்ணுனா மனுசன் என்னப்பா செய்ய முடியும்?" என்று சொல்லிவிட்டுப் போனார். மற்றவர்களும் கலைந்தார்கள். வயதானவர் மட்டும் கொஞ்ச நேரம் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மச்சினன் பயிர் நின்ற நிலையில் காய்ந்தது. கதிரைக் கசக்கினால் உமிதான் பறந்தது. மாட்டுக்காவது ஆகட்டும் என்று அறுத்துப் போட்டான். நிலத்துக்காரர் வாரத்தை முறித்து நிலத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு அங்கே இலவங்கன்று வைத்துவிட்டார். மாசியில் அவன் ஜீப்பேறி மலைக்கு வேலைக்குப் போனான். அதே எஸ்டேட்டுக்கு. வேறு எங்கே போவான்? தலைமடைக்காரரே கூப்பிட்டு வேலை கொடுத்தார். நல்ல மனுசன் என்று என் மனைவி சொன்னாள்.

மறு வருடம் மழை பெய்தது, நானும் மடையைத் திறந்து குழை செருகினேன். பொங்கலுக்கு மச்சினன் இறங்கி வந்தான். கம்பளி ஸ்வெட்டர் போட்டிருந்தான். பேச்சில் ஒன்றிரண்டு மலையாளச் சொல் கலந்திருந்தது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, அக்காளுக்குக் கேட்காமல் மெதுவாகக் கேட்டான்.

"மச்சான், அன்னைக்கு நீங்க சாக்கு அடைப்பு வரைக்கும் வந்தீகளா?"

நான் அவன் கையில் செம்புத் தண்ணீரை ஊற்றினேன்.

"கங்காணி சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாரு. வேலி போட்டாப் பிடுங்கிருவாக, காவலுக்கு ஆளு வச்சா அடிச்சுப் போட்டுருவாக, அந்த ஆளுக்கு ஒரு குழை போதும்னு மொதலாளி சொல்லி விட்டாராம். மறுநா வந்து பார்த்தா மம்பட்டி வச்ச தடம் மட்டும் இருந்துச்சாம்."

"மாப்ளே..."

"ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? நான் போயிப் பிடுங்கியிருப்பேன்ல? எனக்கென்ன, நான் நீர்பாய்ச்சியா?"

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "இப்ப அந்த அடைப்பு எம் பொறுப்பு மச்சான். இஞ்சினு பாக்குறது, சாக்கு மாத்துறது எல்லாம் நான்தான். கீழ உள்ள கண்மாய்க்காரக யாராச்சும் வந்துட்டா என்ன செய்யன்னு கங்காணிகிட்ட கேட்டேன். குழை காயாமப் பார்த்துக்கன்னாரு."

மாட்டுப்பொங்கல் கழிந்து மறுநாள் காலையில் அவன் கிளம்பினான். ஜீப்பு போடியிலிருந்து ஏறும். அதற்கு முன்னால் கண்மாய்ப் பக்கம் போக வேண்டும் என்றான். எதற்கு என்று தெரிந்தும் கூடப் போனேன். மடைக்கு அருகில் அந்த வேம்பின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தான். தாழ இருந்த கிளைகளையெல்லாம் நானே வருடக்கணக்காக ஒடித்து மொட்டையாக்கியிருந்தேன். அவன் இரண்டு முறை எட்டிக் குதித்தான். எட்டவில்லை. அவன் என்னைவிடக் குட்டை.

"மச்சான், அந்தக் கொப்பக் கொஞ்சம் வளைச்சுப் பிடிங்களேன்."

அவனுக்கு வீட்டில் பெண் குழந்தை. வேலை போனால் வேறு போக்கு இல்லை. இதையெல்லாம் அப்போது நினைத்தேனா, இப்போது எழுதும்போது சேர்த்துக்கொள்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. கிளையை வளைத்துப் பிடித்தேன். அவன் ஒடித்தது சின்னதாக இருந்தது.

"இது மூணு நாளைக்குத் தாங்காது மாப்ளே," என்று சொல்லி, தளிர் அதிகம் உள்ள குழையாகப் பார்த்து நானே ஒரு கட்டு ஒடித்துக் கொடுத்தேன். வாடாமல் இருக்க ஈரச்சாக்கில் சுற்றிக்கொள்ளச் சொன்னேன். அவன் கொண்டுவந்திருந்த சாக்கை நனைக்க மடைக்கு இறங்கினேன். தண்ணீர் ஏற்கெனவே கல்லுக்குக் கீழே போயிருந்தது.